கப்பல் கிடைத்த செய்தியும் ஒரு கை எள்ளும்

துவைக்கப் போடுவதற்கு முன் சட்டைப்பையைத் துழாவினேன். விரல் நுனியில் எள் ஒட்டிக்கொண்டு வந்தது. வாஷிங் மெஷினுக்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மருமகள் சத்தம் போட்டாள். ஒரு தாளில் கொட்டி மடித்து வைத்துவிட்டு, உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதி எங்கே அனுப்புவது என்று தெரியவில்லை. நீ கண்ணை மூடிய பிறகு உன்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் மனதுக்குள்ளேயே சேர்த்து வைத்துக்கொண்டு வருகிறேன். இதை மட்டும் வைத்திருக்க முடியவில்லை.

உலகச் சண்டையில் காணாமல் போன உன் அப்பாவின் கப்பல் கிடைத்துவிட்டதடா.

பாரீசிலிருந்து உன் மகள் கலாதான் சொன்னாள். "மாமா, தாத்தா போன நீர்மூழ்கி கெடச்சிடுச்சாம். படம் அனுப்பியிருக்கேன், பாருங்க" என்றாள். குரல் சரியில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பச்சைத் தண்ணீருக்குள் பாசி ஏறிய இரும்பு. மேலே வட்டமாக ஒரு மூடி, இறுக மூடியபடியே இருந்தது. பிரெஞ்சுக் கடற்படைக்குச் சமையற்காரராகப் போன உன் அப்பா அதற்குள்தான் எங்கேயோ சமைத்துக்கொண்டிருந்திருக்கிறார். கப்பலை வெளியே எடுக்க மாட்டார்களாம். உள்ளே இருப்பவர்களுக்கு அதுவே கல்லறை, அப்படியே விட்டுவிடுவதுதான் மரியாதை என்கிறார்களாம். சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மூடியைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு வாத்தியார் ஒவ்வொருவரையும் எழுப்பி, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டது நினைவிருக்கிறதா? நீ எழுந்து, "கப்பல்ல இருக்காரு முசியே" என்றாய். சண்டை முடிந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. எந்தக் கப்பல் என்று அவர் கேட்கவில்லை. நீயும் பொய் சொல்லவில்லை என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கும் அவர் கப்பலில்தான் இருந்தார்.

உன் அம்மாவை நினைத்தால் எனக்கு முதலில் அந்தப் பொட்டுதான் ஞாபகம் வரும். காலையில் குளித்து, நெற்றியில் காசு அகலத்துக்குக் குங்குமம் வைத்து, கனகாம்பரம் சூடிக்கொண்டுதான் வாசல் தெளிக்க வருவார்கள். ஒரு கல்யாணத்தில் நலங்கு வைக்க எழுந்த அம்மாவை உங்கள் உறவுக்காரப் பெண் ஒருத்தி தடுத்தாள். அம்மா கோபப்படவில்லை. "காணோம்னுதான எழுதியிருக்கான் வெள்ளக்காரன், செத்துட்டாருன்னு எழுதலையே. காணாமப் போனவரு திரும்பி வர்றப்போ நான் வெறும் நெத்தியோட நிக்கணுமா?" என்றார்கள். அம்மா நலங்கு வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள்.

அதனால்தான் நீ அமாவாசைக்கு நனையவே மாட்டாய். ஆடிக்கும் தைக்கும் நான் என் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வரும்போதெல்லாம் நீயும் கூட வருவாய். என் சட்டையையும் செருப்பையும் பிடித்துக்கொண்டு கரையில் நிற்பாய். "கடக்கரைல பொறந்துட்டுத் தண்ணிக்குப் பயப்படறியே" என்று நான் கிண்டல் செய்வேன். நீ சிரித்துக்கொண்டே சட்டையை உதறித் தருவாய்.

அம்மா இறந்த வருடம் நான் கிண்டலை விட்டுவிட்டு நேராகவே கேட்டேன். "இனிமே யாருக்காகப் பாக்கற? அப்பாவுக்கு ஒரு கை எள்ளுத்தண்ணி விடேன்."

நீ கடலையே பார்த்துக்கொண்டிருந்தாய். "பூவும் பொட்டுமா அனுப்பி வெச்சேன்ல. இப்ப நான் விட்டா அம்மாவ ஏமாத்துன மாதிரி ஆயிடாதா? கப்பல் கெடைக்கட்டும். கெடச்ச அன்னைக்கே விடறேன்."

"நீ எங்க அதப் பாக்கப் போற?"

"நான் பாக்கலன்னா நீ பாரு" என்றாய்.

விளையாட்டாகத்தான் சொன்னாய். நானும் விளையாட்டாகத்தான் தலையாட்டினேன். அது இப்படி என் தலையில் வந்து விடியும் என்று யாருக்குத் தெரியும்?

என்ன செய்யலாம் என்று கலாவிடம் கேட்டேன். "எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது மாமா. அப்பா இருந்திருந்தா என்ன செஞ்சிருப்பாரோ அதச் செய்ங்க" என்று சொல்லி அழுதாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

அமாவாசை அன்று காலை ரெட்டியார்பாளையத்திலிருந்து தனியாகப் போனேன். கரையில் நல்ல கூட்டம். சட்டையைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லாததால் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்தேன். என் அப்பா அம்மாவுக்கு முடிந்ததும் அய்யரைக் கேட்டேன். "என் சிநேகிதனோட அப்பாவுக்கு நான் விடலாமா?"

இளம்பிள்ளை அவர். நல்ல மாதிரி. "தாராளமா விடலாம். சிநேகிதாளுக்கும் உண்டு. பேர் சொல்லுங்கோ" என்றபடி என் உள்ளங்கையில் எள்ளைப் போட்டார். பெயரைச் சொன்னேன். உன் அப்பாவின் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"என்னைக்குப் போனார்?"

"தெரியாது. சண்டையில, கடலுக்கடியில."

"பரவாயில்ல, அமாவாசை எல்லாருக்கும் பொது. சம்சாரம் இருக்காளா?"

"இல்ல. சுமங்கலியாப் போயிட்டாங்க."

"அப்ப அவா முன்னாடி போனா, இவர் பின்னாடி போனார். அப்படித்தானே?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். ஆமாம் என்றால், அந்த மூடிக்குக் கீழே மூச்சுத் திணறிச் செத்த மனிதருக்கு விடும் ஒரே ஒரு கைத் தண்ணீரையும் பொய் சொல்லி விட்டதாகும். இல்லை என்றால், நீ பத்திரமாக அனுப்பி வைத்த அம்மாவின் நெற்றிப் பொட்டை நானே கடலுக்கு முன்னால் அழித்ததாகும். எள் கையில் வியர்வையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"மாமா, பின்னாடி ஆள் நிக்கறா" என்றார் அய்யர்.

"அப்புறம் வர்றேன்" என்று எழுந்துவிட்டேன். எள்ளைக் கடலில் போடவும் மனம் வரவில்லை, மணலில் உதறவும் மனம் வரவில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

நீ இருந்திருந்தாலும் அந்தக் கேள்வி உன்னிடம்தான் வந்திருக்கும். ஆமாம் என்றிருப்பாயா, இல்லை என்றிருப்பாயா? இத்தனை வருடம் கரையில் பக்கத்திலேயே நின்றும் அதை நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. கப்பல் கிடைக்காது என்றே இருவரும் நம்பிவிட்டோம் போலிருக்கிறது. சுற்றிலும் தண்ணீரோடு உன் அப்பா கிடக்கிறார். அவருக்கு ஒரு கைத் தண்ணீர் விட என்னால் ஆகவில்லை. எனக்கும் வயதாகிவிட்டது. இன்னும் எத்தனை அமாவாசைக்கு அந்தக் கரை வரை போவேனோ தெரியாது. நானும் போய்விட்டால் அந்தப் பெயரைச் சொல்ல இந்த ஊரில் ஆள் இல்லை.

மடித்து வைத்த தாளை எடுத்து, இப்போது போட்டிருக்கும் சட்டையின் பையில் வைத்துக்கொண்டேன். மருமகளிடம் சொல்லவில்லை.