பூவாடைக்காரிக்கு ஒரு படம்

18-8-74, ஞாயிறு
நல்ல வெயில். பரணிலிருந்து அப்பாவின் தகரப் பெட்டியை இறக்கினேன். நான் இறங்கினேன், வேட்டி ஆணியில் தங்கிவிட்டது.

மலர் கல்யாணத்துக்கு முன் பூவாடைக்காரி படையல். சுமங்கலியாய்ப் போன என் அம்மாவுக்குப் புடவை வைத்துக் கும்பிட வேண்டும். மலர் கேட்கிறாள்: “படம் வச்சிக் கும்புடலாம்ப்பா. ஆயா மூஞ்ச நான் பாத்ததே இல்ல.”

நானும்தான். அம்மா போனபோது எனக்கு ஒன்றரை வயது. அப்பா அந்தப் பேச்சையே எடுக்கமாட்டார். இப்போது அவரும் இல்லை.

பெட்டியில் ஆல்பம். பாதி பூச்சி தின்றது. ஒரு படத்தில் அப்படியே மலர் மூக்கு. இவள்தான் அம்மா என்று முடிவு செய்தேன். எட்டாவது பெயிலானவனின் ஆராய்ச்சி.

21-8-74, புதன்
படம் பெரிதாகி, சட்டத்தோடு வந்தது. சந்தனம், குங்குமம், பூச்சரம். சரோஜா பார்த்துவிட்டு, “உங்க சாடை துளிகூட இல்ல. தப்பிச்சாங்க.” பெண்டாட்டி வாய்.
பாக்கி: மஞ்சள், வெற்றிலை, சமையல்காரருக்கு முன்பணம்.

25-8-74, ஞாயிறு
புதுப்பட்டினம். அம்மாவின் தங்கைக்குப் பத்திரிகை வைக்க. அப்பா இருந்தவரை போக்குவரத்து கிடையாது. சித்தி வாசலில் நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்தாள். பெருமையாய்ப் படத்தை நீட்டினேன்.

“டேய் ஏகாம்பரம், இது நான்டா. உசுரோட கீறவளுக்கு மாலை போட்டுகினு கீறியே. அந்தப் பொடவையயாவது இப்பவே குடு, கட்டிக்கிறேன்.”

பக்கத்து வீட்டுக்காரிகள் எல்லாம் சிரிப்பு. நானும்.

பிறகு நான் கையோடு கொண்டுபோயிருந்த ஆல்பத்தைப் புரட்டி ஒரு குடும்பப் படத்தில் விரல் வைத்தாள். மடியில் குழந்தையோடு ஒருத்தி. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாய் ஒரு தீற்றல்.

“உங்கம்மா. நீ ஓயாம அழுவுற. படம் புடிக்கிறவரு ‘அசையாத’ன்னு கத்துறாரு. அவ எங்க கேட்டா, உன் பக்கம் திரும்பிகினா.”

“வேற படம்?”

“இல்லடா கண்ணு.”

“மூஞ்சி எப்படி இருக்கும் சித்தி?”

“கூடவே கெடந்தவள எப்பட்றா சொல்றது?” கையைப் பிடித்துக்கொண்டாள். கையெல்லாம் நெத்திலி வாடை. விடவில்லை.

28-8-74, புதன்
தீற்றல் படத்தைப் பெரிதாக்கக் கொடுத்தேன். ஸ்டூடியோக்காரர், “முகம் வரைஞ்சி தரேன் சார், யாருக்கும் தெரியாது” என்றார். எனக்குத் தெரியுமே. வேண்டாம் என்றேன்.

30-8-74, வெள்ளி
தூறல். படையல். அந்தத் தீற்றலையே வைத்தோம். பொட்டு எங்கே வைப்பது என்று சரோஜா திணறி, குத்துமதிப்பாய் வைத்தாள். சித்தியும் வந்திருந்தாள்.

மலர் விழுந்து கும்பிட்டு எழுந்தாள். “ஆயா யாரப்பா பாக்கறாங்க?”

“என்னை.”

சொன்ன பிறகு வெட்கமாகிவிட்டது. ஐம்பதைத் தொடப்போகிற ஆள்.