அழைக்காமல் தேநீர் குடித்த குற்றம்

அனுப்புநர்:
உமுத்கான் சாத்தாரோவா மற்றும் மேல்தெருப் பெண்கள்,
சாரி-கயிங் கிராமம்.

பெறுநர்:
மாவட்டக் காவல் துறைத் தலைவர் அவர்கள்.

பொருள்: கணவனால் கை முறிக்கப்பட்ட ஜீபெக் என்ற பெண்ணை மீண்டும் அவனிடமே ஒப்படைத்த கிராமக் காவல் அதிகாரி மீது நடவடிக்கை கோருதல், அவளை இன்றே வெளியே கொண்டுவர வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் தெருவில் எந்த வீட்டிலாவது மனைவியை அடிக்கும் சத்தம் கேட்டால், அக்கம்பக்கத்தார் செய்யும் வேலையைப் போட்டுவிட்டு அங்கே போய், "தேநீர் குடிக்க வந்தோம்" என்று உட்கார்ந்துவிடுவோம். வேறொன்றும் கேட்கமாட்டோம். வந்தவருக்கு ரொட்டி பிட்டுத் தராமல் அனுப்புகிற வீடு இந்தப் பக்கத்தில் இல்லை என்பது தாங்கள் அறிந்ததே. ஓங்கிய கையாலேயே அவன் தேநீர் பரிமாறும் விரிப்பை எடுத்துப் போட்டாக வேண்டும். அவன் தணியும்வரை குடித்து, வயிறு ஊதித் திரும்புவோம். டிராக்டர் ஓட்டும் பெக்போலோத்தும் வருவார். அவர் ஆட்டு விலை பேச ஆரம்பித்தால் எப்பேர்ப்பட்ட கோபக்காரனுக்கும் கொட்டாவி வந்துவிடும். சென்ற வசந்தம் முதல் இப்படித்தான் தெருவைக் காத்து வருகிறோம்.

2. சென்ற வாரம் மெலிஸ் என்பவரின் வீட்டில் அலறல் கேட்டுப் போனோம். அவர் மனைவி ஜீபெக் தலை நிமிராமல் தேநீர் ஊற்றி, இடது கையால் நீட்டினாள். வலது கை சால்வைக்குள் இருந்தது. மெலிஸ் எங்களைப் பார்த்துச் சிரித்தபடி, "விருந்தாளிக்கு இடது கையால குடுக்கிறா பாருங்க. வளர்ப்பு அப்படி!" என்றார். ஐயா, அந்த வலது கையை முறித்தவரே அவர்தான்.

3. அவளை மருத்துவமனைக்கு அழைத்துப்போய் மாவுக்கட்டுப் போடவைத்து, என் வீட்டில் தங்கவைத்தேன். கணவன் அவளை நெருங்கக் கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவைக் கேட்டுக் காவல் அதிகாரியிடம் போனோம். அவர், "புருசன் பொண்டாட்டி சண்டைக்கெல்லாம் எதுக்குக்கா உத்தரவு? நாளைக்கே கூடிக்குவாங்க" என்றார். சொன்னதோடு நிற்காமல், மறுநாள் நான் சந்தைக்குப் போயிருந்தபோது தம் வண்டியிலேயே அவளை ஏற்றிக்கொண்டுபோய் மெலிஸ் வீட்டில் விட்டுவிட்டார். விட்டதும் அங்கேயே உட்கார்ந்து தேநீரும் குடித்திருக்கிறார்.

4. கிளம்பும்போது அவர் மெலிஸுக்குச் சொன்ன புத்திமதி வேலிக்கு இப்பால் நின்ற எங்கள் காதில் விழுந்தது: "கேட்டைப் பூட்டுடா தம்பி. நாயை அவுத்து விடு. கூப்பிடாம வந்தாளுங்கன்னா அத்துமீறல்னு நான் கேஸ் போடுறேன்." அடித்தவனைக் கேட்க வாயில்லாத சட்டம் தேநீர் குடித்தவர்கள் மேல் பாய்கிறது, ஐயா.

5. அன்று முதல் கேட் திறக்கவில்லை. நேற்று அவர்கள் வேலிக்கு வெளியே கொட்டும் சாம்பல் குவியலில் ஜீபெக்கின் மாவுக்கட்டு இரண்டாக வெட்டப்பட்டுக் கிடந்தது. ஒரு மாதத்துக்கு அதைத் தொடக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கூப்பிட்டுப் பார்த்தோம், நாய் மட்டும் குரைத்தது. அதிகாரியிடம் ஓடிச் சொன்னதற்கு, "அடுப்புல புகை வருதில்ல? அப்போ அவ சமைக்கிறான்னு அர்த்தம். போங்கக்கா" என்றார்.

ஆகவே ஐயா, தாங்களே நேரில் வந்து அந்தக் கேட்டைத் திறக்கச் செய்யுங்கள். தூங்குகிறாள், ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னால் நம்பி எழுந்துவிடாதீர்கள். அவளைக் கண்ணால் பாருங்கள். தனியே அழைத்துப் பேசுங்கள். வருகிறேன் என்றால் கூட்டி வாருங்கள். அவளுக்கு என் வீட்டில் இடம் இருக்கிறது.

இந்த மனுவைக் கொண்டுவரும் பெக்போலோத் தங்கள் பதிலோடுதான் திரும்புவார். மாலைக்குள் தாங்கள் வராவிட்டால் நாங்கள் வேலி ஏறிக் குதிக்கப் போகிறோம். அத்துமீறல் வழக்குப் பதிய வசதியாக எங்கள் பெயர்களைக் கீழே தெளிவாகவே எழுதியிருக்கிறோம்.

இடம்: சாரி-கயிங்
நாள்: நவம்பர் 14, வியாழக்கிழமை காலை

(ஒப்பம்)
உமுத்கான் சாத்தாரோவா
தாஜிகுல் எசெனோவா
சைரகான் மம்பெத்தோவா
பாத்மா, மெலிஸின் கூடப்பிறந்த அக்கா