இருண்டுபோன நீலப் புள்ளி

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, வாயும் குறையவில்லை. நீ பதில் போடவில்லை என்று சண்டை பிடிக்க இதை எழுதவில்லை, பயப்படாமல் படி.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் நேற்று நடந்த கூத்தைக் கேள். ஓர் எலக்ட்ரானை இழந்த ஒற்றைப் பேரியம் அணுவை, காற்றே இல்லாத சின்னக் கூண்டுக்குள் மின்சாரத்தால் பிடித்து வைத்திருக்கிறோம். நீல லேசரைக் காட்டினால் ஒளியைப் பொட்டலம் பொட்டலமாக வாங்கி, அணு ஆற்றலில் ஒரு மேல்படிக்கு ஏறும். இறங்கும்போது ஒளியைத் திருப்பித் தரும். திரையில் அது ஒரு நீலப் புள்ளி. காலையில் அந்தப் புள்ளி சட்டென்று காணாமல் போயிற்று.

கூட வேலை பார்ப்பவருக்கு நாங்கள் வைத்த பெயர் அவசரக்காரர். அவர் நீலத்தைக் கூட்டிக்கொண்டே போனார். ஒன்றும் நடக்கவில்லை. அணு ஓடிவிட்டது, கூண்டை அணைத்துவிட்டு வேறொன்றைப் பிடிப்போம் என்று சுவிட்சில் கையை வைத்தார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். சில சமயம் அணு இறங்கும் வழியில் வேறொரு படியில் போய் உட்கார்ந்துவிடும். அங்கிருந்து ஏற, நீலப் பொட்டலம் அதற்கு அளவு சேராது. எத்தனை கொட்டினாலும் வாங்காது. சிவப்புதான் சேரும். பார்த்தால், சிவப்பு லேசர் அணைந்து கிடந்தது. மெல்லியதாகத் திறந்துவிட்டேன். இருந்த இடத்திலேயே புள்ளி மின்னியது. அவசரக்காரர் போய் டீ வாங்கி வந்தார்.

உன் குழந்தை பிறக்காமலே போனதிலிருந்து நாங்களும் உன்னிடம் ஒன்றையேதான் கேட்கிறோம். எப்படி இருக்கிறாய், மனசு தேறியதா. பதில் வராவிட்டால் இன்னும் பலமாகக் கேட்கிறோம். இன்று காலை அம்மா, "அவ நம்மள உதறிட்டாடி, இனிமே எழுதி என்ன ஆகப்போகுது" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அவ எங்கயும் போகலம்மா" என்றேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

அதனால் நான் வேறு கேட்கிறேன். போகும்போது என் பச்சைக் குடையைத் திருடிக்கொண்டு போனாயே, அது இன்னும் இருக்கிறதா? வழக்கம் போல் கம்பியை உடைத்துவிட்டாயா? ஒரு சொல்லில் பதில் போதும். இந்தக் கேள்வி அளவு சேரவில்லை என்றால் இன்னொன்று கேட்பேன், என்னிடம் கேள்விக்கா பஞ்சம்?

எந்தப் படியில் உட்கார்ந்திருந்தாலும் நன்றாக இரு, கண்ணு. இங்கே சுவிட்சின் பக்கம் யாரையும் நான் விடமாட்டேன்.

குடையைப் பறிகொடுத்த
உன் அக்கா