யாருக்காவது ஆகும்

4 மார்ச் 2067, காலை 7.10. சுற்றுப்பாதை நுண்ணுயிர் ஆய்வகம்

இதைக் கண்டெடுத்துப் படிப்பவர் யாரானாலும் வணக்கம். நான் செல்லத்துரை, வயது ஐம்பத்து மூன்று. இந்த ஆய்வகத்தின் ஒரே விஞ்ஞானி, ஒரே சமையல்காரன், ஒரே வழுக்கைத் தலை. காற்றழுத்தம் சரி. குளிரறை சரி. என் கொலஸ்ட்ரால் பற்றிப் பேச வேண்டாம்.

பூமியில் பழைய ஆன்டிபயாட்டிக் எதற்கும் கிருமிகள் இப்போது மசிவதில்லை. மிச்சமிருக்கும் ஒரே மருந்து இங்கே குளிரறையில் இருக்கிறது: ம-41. பதினான்கு மாத்திரை, ஒரே ஆளுக்கு, ஏழு நாளைக்கு. கீழே வைத்தால் ஒரே வாரத்தில் மெடிக்கல் ஷாப்பில் இரண்டு மூன்றாகக் கத்தரித்து விற்றுவிடுவார்கள் என்று பயந்து மேலே அனுப்பினார்கள். காவலுக்கு என்னையும். மேற்கொண்டு செய்ய இயந்திரம் உண்டு. ஆனால், நம் ஜனங்கள் ஆன்டிபயாட்டிக்கை எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று நாடு முழுக்க ஆராய்ந்து முடித்த பிறகுதான் பொத்தானை அழுத்தலாம். அந்த ஆராய்ச்சிக்குத் திட்டம் போட ஒரு குழு இருக்கிறது. திட்டம் போட்டுக்கொண்டே இருக்கிறது.

நேற்று கூட்டத்தைத் திரையில் பார்த்தேன். கேள்வித்தாளின் பதினான்காம் கேள்வியிலேயே மதியச் சாப்பாடு வந்துவிட்டது: "மருந்தை முழுவதும் சாப்பிட்டீர்களா?" முன்னோட்ட ஆய்வில் கேட்ட அத்தனை பேரும் ஆமாம் என்றிருக்கிறார்கள். பரமக்குடியில் ஒரு அம்மாள் மட்டும் பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டினாராம். உள்ளே நறுக்கிய மாத்திரை அட்டைகள். எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்றதற்கு, "யாருக்காச்சும் ஆகுமே" என்றாராம். எந்தக் கட்டத்திலும் அடங்காததால் 'பிற' என்பதில் தள்ளிவிட்டார்கள். குழுத் தலைவி மங்கையர்க்கரசி அக்கா, கையில் வடையோடு சிரித்த சிரிப்பில் மைக் அலறியது.

19 மார்ச், மாலை 5.40

அக்காவுக்குப் பல் பிடுங்கிய இடத்தில் சீழ். வீக்கம் கழுத்துக்கு இறங்கிவிட்டது. தெரிந்த டாக்டரிடம் ஓசியில் பிடுங்கிக்கொண்டார் என்று குழுவுக்குள் ஒரு வம்பு உலவுகிறது. கிளப்பிவிட்டவன் நான்தான். இன்று அது இனிக்கவில்லை.

அவர் அனுப்பிய செய்தி: "செல்லத்துரை, ஆராய்ச்சி முடியாம யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு விதிய எழுதுனதே நான்தான்யா. இப்ப எனக்குக் குடுன்னு நானே கேக்கவா? அதத் தொடாத."

அவர் இல்லாமலே குழு கூடியது. பதினான்காம் கேள்விக்கு மூன்று கூட்டம் நடத்தியவர்கள், அக்காவுக்கு மருந்து தர நாலே நிமிடத்தில் கை தூக்கினார்கள். மாத்திரைகளைச் சரக்குக் கூட்டில் வைத்துக் கீழே இறக்கினேன். நாத்திகம் பேசித் திரிந்தவன், கூடு கிளம்பும்போது கும்பிட்டுவிட்டேன். கேமரா இருந்ததை மறந்துவிட்டேன்.

22 மார்ச், மாலை 6.15

அக்காவுக்குக் காய்ச்சல் விட்டது! வீக்கம் பாதி வடிந்துவிட்டது.

"ரெண்டு இட்லி சாப்ட்டேன்யா. முந்தாநாள் பேத்தி பொறந்துட்டா. மூக்கு அப்படியே என்னுது, பாவம்."

ஏழு நாளும் சாப்பிட வேண்டும், பாதியில் விட்டால் மிஞ்சும் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்று நினைவூட்டினேன்.

"யோவ், அத இந்த நாட்டுக்கே சொல்லிக் குடுத்தவ நான். எனக்கே சொல்றியா? போய் உன் கத்திரிச் செடிக்குத் தண்ணி ஊத்து."

ஊற்றினேன். பாடிக்கொண்டே ஊற்றினேன். செடி பிழைத்தது அதிசயம்.

2 ஏப்ரல், காலை 11.20

அக்காவின் புதிய சீழ் மாதிரி முந்தாநாள் சரக்குக் கூட்டில் வந்தது. இங்கே சோதனை எளிது. தட்டு முழுக்கக் கிருமியை வளர்த்து, நடுவில் மருந்து வில்லையை வைப்போம். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி செத்து ஒரு வெற்று வட்டம் விழும். போன மாதம் வந்த முதல் மாதிரியின் தட்டில் விழுந்த வட்டம் உள்ளங்கை அகலம். இன்று வில்லையைச் சுற்றி ஒரு நூலிழை.

அளவுகோலைத் திட்டினேன். என்னைத் திட்டினேன். திரும்ப அளந்தேன். நூலிழைதான்.

கூப்பிட்டேன். வெகுநேரம் கழித்து அக்கா இணைப்பில் வந்தார்.

"நறுமுகைக்கு, என் மருமகளுக்கு, பிரசவமாகி மூணாம் நாள் காய்ச்சல்யா. உடம்பு அனலாக் கொதிக்குது. பச்சப்புள்ள பக்கத்துல கெடந்து கத்துது. எனக்குத்தான் சரியாப் போச்சே. மீதி எட்டு மாத்திர கையில இருந்துச்சு. நீயா இருந்தா என்னய்யா செஞ்சிருப்ப?"

பிறகு, மெதுவாக: "அவளுக்கும் நாலு நாள் நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப ரெண்டு பேருக்கும் திரும்பக் காயுது."

 

அதே நாள், பகல் 12.05

அனுமதி இல்லாமல் மருந்து இயந்திரத்தின் பொத்தானை அழுத்திவிட்டேன். அடுத்த பதினான்கு மாத்திரை தயாராக ஒன்பது நாள். வேலை போனால் போகட்டும், இங்கே வந்து யார் என்னைத் துரத்தப்போகிறார்கள்? அக்காவிடம் மட்டும் சொன்னேன். திட்டவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

7 ஏப்ரல், காலை 9.30

அக்காவின் செய்தி. மூச்சு இரைக்கிறது.

"பதினாலாம் கேள்விய அடிச்சிரு. முழுசா சாப்ட்டீங்களான்னு கேட்டா எவனும் ஆமான்னுதான் சொல்லுவான். 'மீதிய யாருக்குக் குடுத்தீங்க?' அப்டின்னு போடு. சொல்லுவாங்க. அழுதுக்கிட்டே சொல்லுவாங்க. அந்தப் பரமக்குடி அம்மாவ 'பிற'வுல போட்டமேய்யா..."

திருத்தினேன். குழுவுக்கு அனுப்பினேன்.

அதே நாள், மாலை 4.50

குழுச் செயலாளரின் பதில்: "தலைவி பிற்பகலில் காலமானார். கூட்டம் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்படுகிறது."

கத்திரிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றவில்லை.

11 ஏப்ரல், பகல் 12.30

இயந்திரம் மணி அடித்தது. பதினான்கு மாத்திரை. இன்னும் சூடு ஆறவில்லை.

நறுமுகையின் மாதிரி முந்தாநாள் வந்திருந்தது. தட்டை இப்போதுதான் வெளியே எடுத்தேன். வட்டம் இல்லை. வில்லையின் விளிம்பை ஒட்டிக்கொண்டு, வில்லையின் மேலேயே ஏறிக் கிருமி வளர்ந்திருக்கிறது.

அக்காவின் மகனிடமிருந்து செய்தி: "சார், நீங்க மேல மாத்திர செஞ்சிட்டு இருக்கீங்கன்னு அம்மா சொன்னாங்க. எப்ப சார் வரும்? நறுமுகை கண்ணத் தொறக்க மாட்டேங்குறா. பாப்பாவுக்கும் லேசா சுடுது."

அந்தச் செய்தியை மூன்று தரம் போட்டுக் கேட்டுவிட்டேன். பதில் அனுப்பும் பொத்தான் பச்சையாக எரிந்துகொண்டிருக்கிறது.

பகல் 2.10

இன்னும் எரிகிறது.

வேலை செய்யாத மருந்தை எரித்துவிட வேண்டும் என்பது விதி. உலை வாய் வரை கொண்டுபோனேன். திரும்பி வந்துவிட்டேன். பதினான்கையும் என் டீத்தூள் டின்னில் போட்டு மூடியிருக்கிறேன்.

யாருக்காவது ஆகும்.