முதலில் வந்தவள் உட்கார வேண்டும்

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்க வேண்டும்தான். ஊர் மாறிப் போன பிறகு மாதக்கணக்கில் ஒரு வரி எழுதாதவரிடம் என்ன கேட்பது? போன் பண்ணலாம். பண்ணினால் சண்டை போட்டுவிடுவேன், பக்கத்தில் அண்ணன் வேறு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நமக்குக் கடிதமே சரி.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் புது மைக்ரோஸ்கோப் வந்திருக்கிறது. அதைத் தொட எனக்கு மட்டும்தான் அனுமதி. அந்தப் பெருமையோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. மலையேறுவோர் சங்கத்துப் பட்டியலில் இருக்கும் முப்பத்தாறு மலைகளில் முப்பத்தைந்தை ஏறியவள் என்று யாரோ இங்கே போட்டுக் கொடுத்துவிட்டார்கள். மிச்சம் மொட்டைத்தலை ஒன்றுதான் என்றேன். அந்தப் பட்டப்பெயர் நாம் இருவரும் வைத்தது என்று சொல்லவில்லை.

மொட்டைத்தலைக்காக ஜூன் முதல் வாரம் லீவு சொல்லிவிட்டேன். நம் சட்டம் நினைவிருக்கட்டும். முதலில் வந்தவள் உச்சிக் கல்லை மிதிக்கக் கூடாது. பை மேல் உட்கார்ந்து மற்றவளுக்காகக் காத்திருக்க வேண்டும். முதல் மலையில், வீட்டில் உங்களோடு போட்ட சண்டையை மனதில் வைத்துக்கொண்டு நான் விறுவிறுவென்று முன்னால் ஓடினேனே, அன்று வந்த சட்டம். கல்லுக்குப் பக்கத்தில் பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் மூச்சு வாங்க வந்து, "ஏன்டி உக்காந்துட்ட, ஏற வேண்டியதுதானே?" என்றீர்கள். "நீங்க வரட்டும்னுதான்" என்று பொய் சொன்னேன். பிறகு ஒவ்வொரு மலையிலும் அதுவே உண்மையாகிவிட்டது.

பட்டியல் முடிந்ததும் அடுத்து என்ன? வடக்கே ஏரிகளை ஒட்டிப் போகும் நீளப் பாதை என்று நான் முடிவு கட்டிவிட்டேன். நீங்கள் தலையாட்டினால் போதும்.

உங்கள் ஒரே நாத்தனார்

மார்ச் 19

அன்புள்ள வாயாடிக்கு,

எழுதாதது தப்புதான். கையில் தைக்க வேண்டிய திரைச்சீலைகள் மலையாய்க் கிடக்கின்றன. அதோடு என் தங்கை வந்திருக்கிறாள். கணவனோடு இனி ஒத்துவராது என்று ஒரே ஒரு பெட்டியோடு வந்தவள், பத்து நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சாப்பாடு இல்லை, பேச்சு இல்லை. ஒரு ஞாயிறு வலுக்கட்டாயமாக ஊருக்கு வெளியே இருக்கும் குன்றுக்கு இழுத்துப் போனேன். இறங்கி வந்து இரண்டாவது முறை சோறு கேட்டாள். அதிலிருந்து வாராவாரம் போகிறோம். நீ ஆரம்பத்தில் ஓடினது போலவே முன்னால் ஓடுகிறாள்.

உன் பை தைத்ததில் மீந்த சிவப்புத் துணி இருந்தது. அதில் அவளுக்கும் ஒன்று தைத்துக் கொடுத்தேன்.

அடுத்து கடற்கரையோரமாக நடக்கலாம் என்கிறாள் அவள். மேடு பள்ளம் இல்லை, என் முழங்காலும் அதைத்தான் கேட்கிறது. நீ என்ன சொல்கிறாய்? உன் அண்ணன் நலம். உன்னை விசாரித்தார்.

அன்புடன்,
அண்ணி

ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தங்கைக்கு என் சிவப்பு பொருத்தமாக இருந்தால் மகிழ்ச்சி. மழைச்சட்டை, கைத்தடி எதுவும் வேண்டுமென்றால் சொல்லுங்கள், அனுப்பி வைக்கிறேன்.

சுற்றி வளைப்பானேன். எனக்கு வயிறு எரிகிறது. அவள் படுகிற பாடு புரிகிறது, பாவம்தான். ஆனால் உங்களோடு ஞாயிற்றுக்கிழமை நடக்கிறாளே, அதற்கு நான் பாவப்பட முடியாது. அவள் உங்கள் கூடப் பிறந்தவள். நான், நீங்கள் என் அண்ணனைக் கட்டியதில் உங்களுக்கு இலவசமாக வந்தவள். இதில் யார் பக்கம் தராசு சாயும் என்று எனக்குத் தெரியாதா?

கடற்கரை நடை என்கிறீர்கள். முப்பத்தாறு மலை முடித்துவிட்டு மணலில் நடப்பதா? யோசனை யாருடையதோ, போகட்டும். ஏரிப் பாதையின் வரைபடத்தைச் சுவரில் ஒட்டிவிட்டேன்.

ஜூன் மட்டும் மாறக் கூடாது.

நாத்தனார்

மே 21

அன்புள்ள வாயாடிக்கு,

முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் படி. ஜூன் முதல் வாரம் என்னால் வர முடியாது. தங்கையின் வழக்கு அந்த வாரம்தான் விசாரணைக்கு வருகிறது. நான் பக்கத்தில் இல்லையென்றால் அவள் நீதிமன்றப் படியே ஏற மாட்டாள். மழைக்காலம் போகட்டும், நாம் போகலாம். மொட்டைத்தலை எங்கும் ஓடிப்போகாது.

இலவசமாக வந்தவள் என்று எழுதியிருந்தாயே, படித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

அண்ணி

ஜூலை 8

அண்ணிக்கு,

சங்கத்து இதழ் வந்தது. நடுப்பக்கத்தில் மொட்டைத்தலை. சிவப்புப் பையோடு உங்கள் தங்கை, பக்கத்தில் நீங்கள். கீழே "உச்சியில் அக்காவும் தங்கையும்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

என்னிடம் மழை, முழங்கால், வழக்கு. அவளிடம் மொட்டைத்தலை. பதினோரு வருடம் உங்கள் பின்னாலும் முன்னாலும் நடந்தேன், கடைசிக் கல்லுக்கு மட்டும் நான் ஆகாதவளாகிவிட்டேன்.

போன ஞாயிறு தனியாகப் போனேன். யாருக்காகவும் உட்காரவில்லை. நேராகப் போய்க் கல்லை மிதித்தேன், இரண்டு காலாலும். என் பட்டியல் முடிந்தது. சங்கத்துக்கும் எழுதிப் போட்டுவிட்டேன். நீங்கள் இனி கடற்கரையில் தாராளமாக நடக்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் கணவரின் தங்கை

ஜூலை 15

வாயாடிக்கு,

கண்ணுக்குத் தெரியாத அணுக்களை எண்ணுகிறவள் நீ. அந்தப் படத்தில் என் கால் எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியவில்லையா? இதழைத் தூக்கி எறிந்திருந்தால் தேடி எடுத்துப் பார். கல் மேல் நிற்பது அவள். நான் கீழே, என் பை மேல் உட்கார்ந்திருக்கிறேன்.

வழக்கு அவள் பக்கம் முடிந்தது. "எவ்வளவு உசரமா இருக்கோ அவ்வளவு உசரத்துக்குக் கூட்டிட்டுப் போக்கா, ஒரு தடவை" என்று கேட்டாள். அன்றைக்கு அவளிடம் எப்படி மாட்டேன் என்பது? மேலே போனதும், "நீயும் ஏறேன்" என்று கையை நீட்டினாள். "எனக்கு ஆள் வரணும்" என்றேன். படம் எடுத்தவர்கூட ஏறி நிற்கச் சொன்னார். அவரிடமும் அதையேதான் சொன்னேன்.

உனக்கு முன்கூட்டியே சொல்லாதது என் தவறு. சொன்னால் இப்படித்தான் குதிப்பாய் என்று பயந்தேன். பட்டியல் முடித்ததற்கு வாழ்த்துகள். என்னுடையது முப்பத்தைந்தோடு நிற்கட்டும். முடிக்கும் ஆசை போய்விட்டது.

அண்ணி

ஆகஸ்ட் 12

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே இதழைத் தேடி எடுத்தேன். படத்தைக் கிழித்திருந்தேன். ஒட்டி வைத்துப் பார்த்தேன். கீழே உட்கார்ந்திருக்கிறீர்கள். மடியில் கை வைத்து, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி. என் கண்ணை எங்கே கொண்டுபோய் வைத்திருந்தேனோ தெரியவில்லை. அவள் மேலேயே இருந்திருக்கும்.

பட்டியல் முடித்தவர்களுக்குத் தரும் துணிச்சின்னம் சங்கத்திலிருந்து வந்துவிட்டது. பையில் வைத்துத் தைக்கலாம் என்று ஊசியை எடுத்தேன். கை வரவில்லை. இங்கே எல்லோரும் வாழ்த்தினார்கள். அடுத்து எந்த மலை என்று டாக்டர் கேட்டார். மைக்ரோஸ்கோப்பைத் துடைக்கப் போய்விட்டேன். கல்லை மிதித்ததை எப்படித் திரும்ப எடுப்பது?

ஏரிப் பாதை வரைபடத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டேன். அடுத்து உங்கள் முப்பத்தாறாவது. வேறெதுவும் எனக்கு இல்லை. மழை விட்டதும் வாருங்கள். நான் முதலில் போய் உட்கார்ந்திருக்கிறேன். முழங்கால் சொல்கிறபடி வாருங்கள், எவ்வளவு நேரமானாலும் சரி. நீங்கள் கல் மேல் ஏறுங்கள், நான் கீழேயே நிற்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்தத் தடவை அவளைக் கூட்டி வராதீர்கள். பெரிய மனது பண்ணிக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை. அடுத்த தடவை வரட்டும். மணலில் வேண்டுமானாலும் நடக்கிறேன், மூன்று பேராக.

வருவீர்களா?

உங்கள் வாயாடி

ஆகஸ்ட் 20

அன்புள்ள வாயாடிக்கு,

மழை விட்ட முதல் சனிக்கிழமை, காலை பஸ். துணிச்சின்னத்தை எடுத்துக்கொண்டு வா. ஊசியும் நூலும் நான் கொண்டு வருகிறேன், மேலே வைத்துத் தைத்துவிடலாம். கல்லுக்குக் கீழே நிற்கிற வேலையெல்லாம் வேண்டாம். எனக்குக் கை கொடுத்து ஏற்ற ஆள் வேண்டும்.

தங்கை தானும் வருவேன் என்றாள். இந்தத் தடவை வேண்டாம் என்றேன். "ஏன்க்கா, நான் உன் தங்கச்சி இல்லையா?" என்று கேட்டாள்.

"நீ சின்னத் தங்கச்சி. பெரியவ சண்டைக்கு வருவா" என்றேன்.

அண்ணி