டயரில் இறக்கிய காற்று

அப்பா,

மான்கறி அடுப்புல இருக்கு, சுடவெச்சுச் சாப்பிடுங்க. ஜீப் சாவி ஆணியில தொங்குது.

மேல காஞ்சிருந்தாலும் அடியில சேறு, ஏரிப் படுகையில வண்டியை இறக்காதீங்கன்னு போன வாரம் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டீங்களா? வண்டி சேத்துல புதைஞ்சு ரெண்டு நாள் பாலைவனத்துல கூடாரம் போட்டுக் கிடந்தோம். கடைசியில இழுத்துவிட வந்த வெர்ன் மாமாகிட்ட, "இவதான் ஓட்டினா"ன்னு கூசாம என்னைக் கைகாட்டினீங்க. நெவாடா மாநிலமே என்னைப் பார்த்துச் சிரிக்குது. மணல்ல புதையாம ஓடணும்னு நீங்க காத்தைக் குறைச்ச நாலு டயரையும் கைப்பம்பால நிரப்பினதும் நான்தான்.

காலேஜுக்குக் கிளம்பிட்டேன். போன் பண்ணாதீங்க.

ஷெல்பி

சொல்ல மறந்துட்டேன்: நாலு டயர்லயும் காத்தை மொத்தமா இறக்கிட்டேன். கைப்பம்பு வாசல்ல இருக்கு. வெர்ன் மாமா கேட்டா, நீங்கதான் இறக்கினீங்கன்னு சொல்லிக்கிறேன்.