சிறகு கட்டிய பெண்

அன்புள்ள உங்களுக்கு,

தம்பானூர் லாட்ஜ் சௌகரியமாக இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

விஞ்ஞானக் கதை, மாயக் கதை வாசகர்களின் விழா என்றேனே, இன்று அரங்கு நிரம்பிவிட்டது. பாதிப் பேர் கதாபாத்திரங்களாகவே வேடமிட்டு வந்திருந்தார்கள். கரமனையிலிருந்து வந்த ஒரு கல்லூரிப் பெண், என் நாவலில் விண்வெளிக்குப் பறந்துபோகும் பெண்ணாக, நீலச் சிறகு கட்டியிருந்தாள். நம் மகளை நினைத்துத்தான் அவளை எழுதினேன் என்று இந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

"மேடம், நாடா அவுந்துபோச்சு, ஒண்ணு கட்டித் தருவீங்களா?" என்று மலையாளம் கலந்த தமிழில் கேட்டு முதுகைத் திருப்பினாள். கட்டினேன்.

"அடுத்த பாகத்துல அவ பூமிக்குத் திரும்பி வருவால்லே?"

"வரமாட்டா, கண்ணு."

"அய்யோ, அப்படிப் பறயாதீங்க மேடம்!" அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கு ஒன்றும் வரவில்லை. பிறகு நாலைந்து பேருக்குக் கையெழுத்துப் போட்டேன், ஒரு சாயா குடித்தேன்.

'வரமாட்டா' என்ற அந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை.

அலமாரியில் இருக்கும் நம் மகளின் உடுப்புகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று நீங்கள் சொன்னபோதெல்லாம் நான் எழுந்து போய்விடுவேன். இனி கொடுக்கலாம். நான் வந்துவிடுகிறேன், நீங்கள் தனியாக எடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா